வழிமறிப்பும் இம்சைதான்

2021 ஜனவரியில் மசினகுடிப் பகுதியில் ஒரு காட்டு யானை இறந்தது. அதன் மேல் எரியும் டயரை வீசிய காட்சி பிறகு வெளியானதும் நாடெங்கும் மக்கள் கொதித்துப்போனார்கள். கொதித்ததில் தவறில்லை. காது கருகி ஓடும் யானையைப் பார்த்து மனம் பதறாதவருக்கு எந்த மதமும் எதையும் கற்றுத் தர முடியாது. ஆனால் டயரை வீசிய கையைப் பார்த்த அளவுக்கு, அந்தக் கை நின்ற இடத்தை யாரும் பார்க்கவில்லை. யானைகள் நடமாடும் வழியில் அனுமதியின்றி நடந்துவந்த தங்கும் விடுதி அது. தீ வீசியவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல நமக்கு ஒரு நொடி போதும். வழியில் கட்டடம் எழுப்பியதை என்னவென்று சொல்வது? விதிமீறல் என்போம், சுற்றுலா என்போம், துணிந்தால் பேராசை என்போம். இம்சை என்று சொல்ல நாக்கு எழாது. அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. வலசை போகும் உயிரின் வழியை அடைப்பது அதை அடிப்பதற்கும் பட்டினி போடுவதற்கும் நிகரான இம்சை. ஆகவே வழியை விடுவதைக் கருணைக் கணக்கில் எழுதிப் புண்ணியம் தேடிக்கொள்ள முடியாது. அது கொடுத்தே தீர வேண்டிய கடன்.

கொல்லாமையைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அந்தப் பேச்சில் பெரும்பகுதி கையையும் வாயையும் பற்றியது: கை கொல்லக் கூடாது, வாய் தின்னக் கூடாது. சைவ உணவு உண்பவர் தன்னை அகிம்சைக்காரர் என்று நம்பிக்கொண்டே காட்டோரத்தில் மனை வாங்கிச் சுற்றிலும் மின்வேலி போடுவதில் அவருக்கு முரண்பாடே தெரிவதில்லை. இந்தக் குறுகலுக்கு மரபின் மேல் பழி போட முடியாது. அகிம்சையை எல்லோரையும்விட நுட்பமாக ஆராய்ந்த சமணம் இந்த இடத்தில் மிகத் தெளிவாக இருக்கிறது. திகம்பரர், சுவேதாம்பரர் என இரு பிரிவினரும் ஏற்கும் தத்துவார்த்த சூத்திரத்தில், இல்லறத்தாருடைய கொல்லா விரதத்துக்கு நேரும் குற்றங்களாக உமாஸ்வாதி ஐந்தைச் சொல்கிறார்: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், தாங்க முடியாத பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல். கொலை இந்தப் பட்டியலிலேயே இல்லை; அது விரதத்தை முழுதாக முறித்துவிடும். கொல்லாமலே விரதத்தைக் கறைப்படுத்துபவை இந்த ஐந்தும். முதலாவதையும் கடைசியையும் சேர்த்துப் பாருங்கள். நடமாட்டத்தைத் தடுப்பது, உணவும் நீரும் எட்டாமல் செய்வது. வழித்தடத்தை அடைக்கும் சுவர் வேறென்ன செய்கிறது?

அந்த விதி வீட்டுக் கால்நடைகளையும் வேலையாட்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது, காட்டு யானைக்கு எப்படிப் பொருந்தும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அன்று காட்டு விலங்கின் உணவும் நீரும் மனிதன் கையில் இல்லை. ஆகவே அதற்கு அவன் பொறுப்பாளியும் இல்லை. இன்று நிலைமை வேறு. ஒரு காட்டின் நான்கு பக்கமும் சாலை, ரயில் தடம், கால்வாய், தோட்டம், விடுதி என்று வளைத்துவிட்ட பிறகு, உள்ளே இருக்கும் விலங்கு எப்போது தண்ணீர் குடிக்கலாம் என்பதைக்கூட நாமே முடிவு செய்கிறோம். அதிகாரம் எங்கே வந்ததோ, பொறுப்பும் அங்கே வந்துவிட்டது. அதே மரபு இன்னொன்றையும் சொல்கிறது: தான் செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்வதற்கு உடன்படுவது, மூன்றும் வினையே. ஜன்னலைத் திறந்தால் யானை தெரியும் என்ற விளம்பரத்தைப் பார்த்து அறை எடுப்பவர் மூன்றாவது வகைக்குள் சுகமாகப் படுத்திருக்கிறார்.

வழி போனால் யானைக்கு உண்மையில் என்ன போகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீவனமும் 100 லிட்டருக்கு மேல் தண்ணீரும் வேண்டும். எந்த ஒரு பள்ளத்தாக்கும் ஒரு கூட்டத்துக்கு ஆண்டு முழுவதும் இதைக் கொடுக்க முடியாது. மழையும் புல்லும் இடம் மாற, யானையும் மாறுகிறது. நீலகிரிச் சரிவுக்கும் மாயாற்றுப் பள்ளத்துக்கும் நடுவே கிடக்கும் சீகூர் மேட்டுநிலம் இப்படியான ஒரு வழி. ஒரு பக்கம் மலைச் சுவர், மறுபக்கம் கிடுகிடு பள்ளம். நடுவில் உள்ள நிலத்தில்தான் மசினகுடியும் பொக்காபுரமும் வாழைத்தோட்டமும் இருக்கின்றன. முதுமலை, பந்திப்பூர்க் காடுகளைச் சத்தியமங்கலத்தோடும், மேற்குத் தொடர்ச்சி மலையைக் கிழக்குத் தொடர்ச்சி மலையோடும் இணைக்கும் நிலம் அது. உலகிலேயே ஆசிய யானைகள் மிக அதிகமாகச் சேர்ந்து வாழும் நிலப்பரப்பு இந்தப் பகுதிதான் என்பதை நினைத்தால், அந்த இடுக்கின் மதிப்பு புரியும். இடுக்கு அடைபட்டால் காடு அப்படியே இருக்கும், மரம் ஒன்றுகூட விழாது, செயற்கைக்கோள் படத்தில் பச்சையும் மாறாது. யானைக்கு மட்டும் பாதி நாடு இல்லாமல் போயிருக்கும்.

வழி என்பது யானைக்கு நிலம் மட்டுமல்ல, நினைவும்கூட. தான்சானியாவின் தரங்கிரே தேசியப் பூங்காவில் 1993-ல் கடும் வறட்சி வந்தது. முதிய தாய் யானைகள் தலைமை தாங்கிய கூட்டங்கள் பூங்காவை விட்டு வெளியேறித் தண்ணீரைத் தேடிப் போயின. அவற்றின் குட்டிகள் கூடுதலாகப் பிழைத்தன. பழைய வறட்சியைக் கண்டிராத இளம் தலைவிகளின் கூட்டம் இருந்த இடத்திலேயே இருந்து குட்டிகளை அதிகம் இழந்தது. முன்னொரு வறட்சியில் நடந்த வழி அந்தக் கிழவிகளின் தலையில் இருந்தது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். “யானைக்கு என்ன, வேறு வழி பார்த்துக்கொள்ளும்” என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேறு வழி பார்க்கத்தான் செய்யும். அந்த வேறு வழி வாழைத் தோப்புக்குள்ளும் ரேஷன் கடைக்குள்ளும் போகும். அங்கே சாவது பெரும்பாலும் விடுதி முதலாளி அல்ல. விடியற்காலையில் ஒதுங்கப் போன கூலிக்காரர். இந்தியாவில் இப்போது ஆண்டுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் யானை தாக்கி இறக்கிறார்கள். அடைபட்ட வழி ஒவ்வொன்றும் இந்தக் கணக்கில் தன் பங்கைச் சேர்க்கிறது.

யானை வருவதே வருஷத்தில் சில வாரங்கள், அதற்காக முந்நூற்றுச் சொச்சம் நாளும் நிலத்தைச் சும்மா போடுவதா என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்பதுதான் வேடிக்கை. மதுரை மாசி வீதிகளில் சித்திரைத் தேர் ஓடுவது ஒரே ஒரு நாள். திருவாரூரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அப்படித்தான். அந்த ஒரு நாளுக்காக, வீதியின் அகலமும் முனைகளில் தேர் திரும்பும் இடமும் ஆண்டு முழுக்கக் காக்கப்படுகின்றன. வீதிக்குள் திண்ணையை நீட்டினால் ஊர் கேட்கும். குறுக்கே மின்கம்பி போனால் அன்றைக்குக் கழற்றப்படும். தேர் இல்லாத நாட்களில் வீதி வீணாகக் கிடக்கிறது என்று எவரும் சொன்னதில்லை. காய்கறி விற்கிறார்கள், பேருந்து போகிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அடைக்காத பயன் எதுவும் அங்கே தடை இல்லை. வலசைப் பாதையிலும் கேட்கப்படுவது அவ்வளவே: மாடு மேயலாம், தேன் எடுக்கலாம், விறகு பொறுக்கலாம், சுவரும் மின்வேலியும் இரவெல்லாம் எரியும் விளக்கும் கூடாது. ஒன்றில் மட்டும் யானை தேரைவிடக் கீழான நிலையில் இருக்கிறது. தேர் நிலைக்கு வந்து சேராவிட்டால் ஊரே கூடி இழுக்கும். யானைக்கு வடம் பிடிக்க ஆள் இல்லை.

அடுத்தது பட்டா. “என் பெயரில் பத்திரம் இருக்கிறது, வரி கட்டுகிறேன், என் நிலத்தில் நான் கட்டுகிறேன்.” சொத்துரிமையைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை, பட்டா இல்லாததால் காலம் காலமாக மிதிபட்டவர்களின் நாடு இது. ஆனால் பட்டா ஒருபோதும் முழு அதிகாரமாக இருந்ததில்லை. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் சென்னை மாகாணத்தில் அன்றே நடைமுறைக்கு வந்தது. இருபது ஆண்டுகள் வெளிப்படையாகவும் தடையில்லாமலும் உரிமையாக ஒரு வழியில் நடந்தவனை நில உரிமையாளன் மறிக்க முடியாது என்பது அதன் சாரம். ஊர் வழக்கம் அதற்கும் முந்தியது. வண்டிப்பாதையை உழுது விதைத்தவன் பஞ்சாயத்தில் தலைகுனிந்துதான் நின்றான். யானை நீதிமன்றத்தில் இந்தச் சட்டத்தின்படி வழி கேட்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. சட்டத்துக்குப் பின்னால் இருக்கும் நியாயம்தான் முக்கியம்: வெகுகாலம் நடந்த காலுக்கு, பிறகு வந்து நட்ட கல் கட்டுப்பட்டது. சீகூரில் அரசு 2010-ல் வழித்தடத்தை அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரலில் அது செல்லும் என்றது. விடுதி உரிமையாளர்களின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 14 அன்று அதை உறுதி செய்தது. தனித்தனி ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் குழுவும் அமைத்தது. பத்திரம் இருப்பதாலேயே வழியை அடைக்கும் உரிமை வந்துவிடாது என்பது நீதிமன்றம் வரை போய் நின்ற வாதம்.

தத்துவம் படித்தவர்கள் வேறொரு ஆட்சேபம் சொல்வார்கள். கடமை இல்லாதவனுக்கு உரிமை ஏது? யானை ஒப்பந்தம் செய்யாது, வாக்குக் கொடுக்காது, வழக்காடாது. கேட்க வலுவாக இருக்கிறது. ஆனால் இந்த நாட்டுச் சட்டத்தில் கோயில் மூர்த்தி ஒரு சட்ட நபர். அது பேசாது, அதற்குக் கடமையும் கிடையாது. 1925-ல் பிரிவி கவுன்சில், ஒரு குடும்பத்தின் வழிபாட்டு மூர்த்தியை எங்கே வைப்பது என்ற வழக்கில், மூர்த்தியின் விருப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும், அதன் சார்பில் பேச வழக்கில் சம்பந்தமில்லாத ஒருவர் வேண்டும் என்றது. பேசாத தெய்வத்துக்கு ஒரு விருப்பம் உண்டு என்று ஊகித்து அதற்கு ஆள் வைக்கத் தெரிந்த நமக்கு, எங்கே போக விரும்புகிறது என்பதைக் காலால் எழுதிக் காட்டும் விலங்கின் விருப்பம் மட்டும் எப்படிப் புரியாமல் போகும்? மனுநீதிச் சோழன் கதையையும் நாம் பாதிதான் கேட்டிருக்கிறோம். இளவரசனின் தேர்க்காலில் கன்றை இழந்த பசு மணியடித்தது நினைவிருக்கிறது. சேக்கிழார் சொல்லும் கதையில் அமைச்சர்கள் பிராயச்சித்தம் செய்தால் போதும் என்கிறார்கள், அரசன் மறுக்கிறான். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அங்கே எழாத ஒரு கேள்வி. அரச வீதியில் கன்றுக்கு என்ன வேலை என்று அந்தச் சபையில் யாருமே கேட்கவில்லை. வீதியில் கன்றுக்கும் பாத்தியதை உண்டு என்பது வாதமே இல்லாமல் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. அந்தச் சோழனுக்குச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலை வைத்திருக்கிறோம். மலையடிவாரத்துக்கு வந்ததும், ஊருக்குள் யானைக்கு என்ன வேலை என்பதுதான் நம் முதல் கேள்வியாக இருக்கிறது.

இதுவரை சொன்னவை எளிய ஆட்சேபங்கள். கடினமான ஒன்று இருக்கிறது, அது மனிதர்களைப் பற்றியது. வீதியின் புனிதம் என்று சொல்லி ஆளை விரட்டிய வரலாறு நமக்கு உண்டு. கோயிலைச் சுற்றிய பொதுத் தெருக்களில் ஈழவரும் பிற ஒடுக்கப்பட்ட சாதியினரும் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்துத்தான் 1924-ல் வைக்கத்தில் போராட்டம் நடந்தது. பெரியார் சிறை சென்றார். வழியைக் காப்பது என்ற பெயரில் வழி மறுக்கப்பட்டதை அறிந்தவர்கள், யானை வழித்தடம் என்ற அறிவிப்பைக் கேட்டதும் திடுக்கிட்டால் அதில் அறியாமை எதுவும் இல்லை. 2024-ல் தமிழகத்தில் 42 வழித்தடங்களைக் குறிப்பிட்ட வரைவறிக்கை வெளியானபோது கூடலூர்ப் பகுதியில் எழுந்த எதிர்ப்பை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். அங்கே பட்டா இல்லாத ஜென்ம (பழைய ஜமீன்முறை) நிலத்துக் குடியானவர்கள் இருக்கிறார்கள். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்டு, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் அவர்களுக்கு முன்பிருந்தே இருக்கிறார்கள். வாழ்ந்த மண்ணிலிருந்து ஒருமுறை பிடுங்கப்பட்டவரிடம் போய், உங்கள் வீடு யானையின் வழியில் இருக்கிறது என்று சொல்வது எவ்வளவு கொடுமை என்பதை, சூழலியல் பேசுபவர்களில் பலர் உணர்வதே இல்லை.

இந்த ஆட்சேபம் என் வாதத்தை முறிக்கவில்லை. ஆனால் அதன் முனையைத் திருப்பிவிடுகிறது. வழிமறிப்பு இம்சை என்றால், குடிசையைப் பிரித்து மனிதனை நிறுத்துவதும் அதே இம்சைதான். ஆகவே கடனை யார் முதலில் செலுத்துவது என்பதில் ஒரு வரிசை வேண்டும். நிலம் யாருக்குக் கேளிக்கையோ அவர் முதலில், யாருக்கு லாபமோ அவர் அடுத்து, யாருக்குப் பிழைப்போ அவர் கடைசியில், அதுவும் அவர் சம்மதித்தால் மட்டும். நடப்பில் வரிசை தலைகீழாக இருக்கிறது. பழங்குடிக்கு நோட்டீஸ் உடனே வருகிறது. விடுதிக்காரர் பத்தாண்டு வழக்கு நடத்துகிறார். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிராம சபையின் ஒப்புதலைக் கேட்கிறது. அதைத் தடைக்கல்லாகப் பார்க்கும் வனத்துறை அதிகாரி, தன் உறுதியான கூட்டாளிகளைத் தானே இழக்கிறார். பழங்குடிக் குடியிருப்புகள் பல தலைமுறை யானையின் பாதையில் இருந்தும் பாதையை அடைத்ததில்லை. அவற்றைச் சுற்றிக் கருங்கல் சுவர் கிடையாது. வயநாட்டில் திருநெல்லி–குதிரக்கோடு வழித்தடத்தில் நான்கு குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள் விருப்பப்பட்டு இடம் மாறினார்கள். மாற்று வீடும் நிலமும் கொடுக்கப்பட்டன. 2015-ல் அந்த நிலம் கேரள வனத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. காலமும் பணமும் நிறையச் செலவான வேலை. ஆனால் யாரையும் அடித்து விரட்டாமல் முடிந்தது.

செலவும் வசதிக் குறைவும் நாட்டைக் கவிழ்த்துவிடும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. பந்திப்பூர் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணி வரை பொதுவாக வாகனப் போக்குவரத்து இல்லை. கர்நாடகமும் கேரளமும் தமிழ்நாடும் அதனால் பட்டினி கிடக்கவில்லை. கோவை நவக்கரை அருகே 2021 நவம்பரில் ரயில் மோதி மூன்று யானைகள் செத்தன; மதுக்கரையில் 2024 முதல் தண்டவாளத்தை நெருங்கும் யானைகளைச் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் பார்த்து ரயில் ஓட்டுநருக்கு எச்சரிக்கை அனுப்ப வழி செய்கின்றன. அசாமில் நுமாலிகர் எண்ணெய் சுத்திகரிப்பு நிறுவனத்தின் குடியிருப்புச் சுவர் யானை வழியை மறித்தது. 2016-ல் பசுமைத் தீர்ப்பாயம் இடிக்கச் சொன்னது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. சுவர் போனதால் எண்ணெய் வற்றிப்போகவில்லை.

மிச்சம் இருப்பது ஆன்மிகத்தின் பங்கு. இதைச் சொல்வது பலருக்குக் கசக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் விடுதிகளுக்கு நிகராகக் கோயில்களும் ஆசிரமங்களும் தியான மண்டபங்களும் பெருகியிருக்கின்றன. வெள்ளியங்கிரி போன்ற மலை யாத்திரைகளுக்கு வனத்துறை அனுமதிப்பது பிப்ரவரி முதல் மே வரை. யானை தண்ணீர் தேடி அலையும் மாதங்களும் அவையே. நடந்து போய்ச் சாமி கும்பிட்டுத் திரும்பும் யாத்திரிகனைக் குறை சொல்ல மாட்டேன். அவனும் வழிப்போக்கன், அவன் கால் எதையும் அடைப்பதில்லை. அவனுக்காக என்று சொல்லி எழும் வாகன நிறுத்தம், அன்னதானக் கூடம், சுற்றுச்சுவர், ஒலிபெருக்கி, இரவைப் பகலாக்கும் விளக்கு, இவைதான் அடைக்கின்றன. திருப்பணி என்ற பெயர் வந்துவிட்டால் தாசில்தாரும் கேட்கத் தயங்குவார், பத்திரிகையும் எழுதத் தயங்கும். யானை முகக் கடவுளுக்கு யானையின் வழியிலேயே கருங்கல் மண்டபம் எழுப்பிக் கும்பாபிஷேகமும் நடத்தும் துணிச்சல் நம்மைத் தவிர வேறு யாருக்கு வரும்? இறைவன் எங்கும் இருப்பவன் என்று அதே மேடையில்தான் சொற்பொழிவும் நடக்கிறது. எங்கும் இருப்பவனுக்கு அந்தச் சர்வே எண்ணில்தான் இடம் வேண்டும் என்று அடம்பிடிப்பது பக்தியில் சேராது.

இந்த விஷயத்தில் அரசுக்கு முன்னால் பக்தர்கள் ஒன்று செய்யலாம். மலையடிவாரத்தில் புதிய மண்டபத்துக்கோ ஆசிரமத்துக்கோ நன்கொடை கேட்டு யாராவது உங்களிடம் வந்தால், ரசீதுப் புத்தகத்தைத் தொடுவதற்கு முன் நிலத்தின் சர்வே எண்ணைக் கேளுங்கள். அது யானை வழித்தடத்தில் இல்லை என்று வனத்துறை கொடுத்த கடிதம் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் காணிக்கையை உங்கள் ஊர்க் கோயில் உண்டியலிலேயே போட்டுவிடுங்கள்.